நீலகிரியில் தேசிய செஸ் போட்டி நடத்த: மாதம் முதல் கணக்கு முடிப்பு வரை முழுமையான வழிகாட்டி

ஊட்டியிலோ குன்னூரிலோ தேசிய அளவில் ஒரு செஸ் போட்டி நடத்தலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது பரிசுத் தொகையை அறிவிப்பது. அடுத்து தலைமை விருந்தினரைத் தேடுவது. மண்டபம் அதற்கப்புறம். பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் கடைசியில், சில சமயம் போட்டி முடிந்த பிறகே எழுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வயதுப் பிரிவு தேசியப் போட்டியை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படை வயதுகளில் நடக்கும் போட்டிகள். ஓப்பன், பெண்கள் என இரண்டு பிரிவு. குழந்தைகள், கூடவே பெற்றோர், சில வீட்டில் தாத்தா பாட்டியும். மலைக்கு வரும் கூட்டம் ஆட்டக்காரர் எண்ணிக்கையைப் போல இரண்டு மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

1. யார் பெயரில் நடக்கப்போகிறது?

தேசியப் பட்டம் அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்புக்குச் சொந்தமானது. ஒரு கிளப்போ பள்ளியோ தானாக 'தேசிய சாம்பியன்ஷிப்' என்று பெயர் வைத்து நடத்த முடியாது. மாவட்டச் சங்கம், தமிழ்நாடு மாநில சதுரங்கச் சங்கம், அதற்கு மேல் கூட்டமைப்பு: இதுதான் வழி. பள்ளியோ கிளப்போ ஆர்வம் காட்டினால் மாவட்டச் சங்கத்தோடு சேர்ந்து நடத்தலாம்.

கடிதம் எழுதுவதற்கு முன்பே நான்கு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: பதிவு செய்த சங்கம் அல்லது அறக்கட்டளை, அதன் பெயரில் பான் எண், இரண்டு பேர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கு, பேசக் கிடைக்கும் ஒரு ஆடிட்டர். தனியாள் கணக்குக்கு எந்த நிறுவனமும் பணம் போடாது. அப்படியே போட்டாலும் பின்னால் அந்தத் தனியாளுக்குத்தான் வருமான வரித் தலைவலி.

குழுவில் ஐந்து பேர் போதும். பணத்துக்கு ஒருவர், மண்டபத்துக்கு ஒருவர், அறைக்கும் வண்டிக்கும் ஒருவர், நடுவர்களோடும் கூட்டமைப்போடும் பேச ஒருவர். ஐந்தாமவர் வேலை பெற்றோர்களின் போனை எடுப்பது மட்டும். புதியவர்கள் இந்த ஐந்தாமவரை நியமிப்பதே இல்லை. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் செயலாளரின் போன் ஓயாமல் அடிக்கும்போதுதான் அவர் அருமை தெரியும்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மலையில் மற்ற எல்லா முடிவும் இதைப் பொறுத்தது. அதனால் மண்டபத்துக்கு முன்பே மாதம்.

குழந்தைகளுக்கு லீவு என்று ஏப்ரல், மே மாதத்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். மலர்க்கண்காட்சி நடக்கும் அந்த மாதங்களில் அறை வாடகை எங்கேயோ போய் நிற்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு ஈ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி, வேண்டும். 2025 சீசனில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பே வந்துவிட்டது. வரம்பு தொட்ட நாளில் நாக்பூரிலிருந்து வரும் குடும்பம் மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றால், அவர்கள் கூப்பிடப்போவது உங்களைத்தான்.

மழையையும் ஊர் பார்த்துக் கணக்கிட வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கத்தை வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அதே நாட்களில் குன்னூரும் கோத்தகிரியும் ஓரளவு தப்பித்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் கதை மாறும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரை குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண் சரிவு எப்போது வேண்டுமானாலும் வரலாம். 2009 நவம்பர் மண் சரிவுகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

என் கணக்கில் நல்ல காலம் இரண்டு. பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுவில் பொதுத்தேர்வு தொடங்குவதற்குள் ஒன்று. குளிர் கடுமைதான், காலையில் உறைபனி இருக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும், அறை மலிவு. இன்னொன்று, குன்னூர் அல்லது கோத்தகிரி என்றால் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர். கூட்டமைப்பின் ஆண்டுக் காலண்டரில் உங்கள் விருப்பத் தேதிக்கு இடம் இல்லாமல் போகலாம். அதனால் முதல் தேதி, மாற்றுத் தேதி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் வாரத்தை மட்டும் தொடாதீர்கள். அரையாண்டு லீவு என்று தோன்றும். சுற்றுலாக் கூட்டத்துக்கும் அதேதான் தோன்றும்.

3. மண்டபம்

அளவைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு பலகைக்கு மேசை, இரண்டு பக்கமும் நாற்காலி, நடுவர் நடந்துபோக இடம் எல்லாம் சேர்த்து 40 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 ஆட்டக்காரர் என்றால் 100 பலகை, 4,000 சதுர அடி. அது ஆடும் இடத்துக்கு மட்டும். நடுவர் மேசை, நுழைவு, மேடை எல்லாம் தனி. 'ஐந்நூறு பேர் உட்காரலாம்' என்று கல்யாண மண்டபக்காரர் சொல்வது நாற்காலி நெருக்கிப் போட்ட கணக்கு, செஸ்ஸுக்கு உதவாது.

அடுத்தது கூரை. மலையில் நிறைய மண்டபங்களுக்குத் தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவது காதில் விழாது. ஒன்பது வயதுக் குழந்தை டிரா கேட்டதா இல்லையா என்று தகராறு வந்தால் நடுவர் என்ன செய்வார்? கான்கிரீட் கூரை, இல்லையென்றால் கீழே பலகைத் தடுப்பு உள்ள கூரை. மண்டபத்தை மழை நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஒருமுறையும் பாருங்கள், குளிர் தெரியும்.

வெளிச்சம் பரீட்சை ஹால் போல எல்லா மேசையிலும் சமமாக விழ வேண்டும். பனிமூட்டம் இறங்கினால் மத்தியானம் மூன்று மணிக்கே ஜன்னல் வெளிச்சம் போய்விடும், ஆகவே குழல்விளக்கு கணக்கில் குறை வைக்காதீர்கள். ஜெனரேட்டர் கட்டாயம், அதுவும் சத்தம் உள்ளே வராத தூரத்தில்.

கழிப்பறை ஆடும் பகுதிக்குள்ளேயே, பெற்றோர் நடமாட்டம் இல்லாத பக்கத்தில் இருக்க வேண்டும். பெற்றோருக்கென்று தனியாக, கூரையோடு கூடிய காத்திருப்பு இடம் இல்லாத மண்டபத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். சமவெளியில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே சாரலிலும் குளிரிலும் நின்றால் ஒவ்வொருவராகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள். அதைத் தடுப்பதே நடுவர்களின் முழுநேர வேலையாகிவிடும்.

ரெசிடென்ஷியல் பள்ளிகளை முதலில் கேளுங்கள் என்பேன். பெரிய ஹால், மேசை நாற்காலி, சாப்பாட்டுக்கூடம், மருத்துவ அறை எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். லீவு என்றால் டார்மிட்டரியும் காலியாக இருக்கும். ஒரு நிபந்தனை: ஏழு எட்டு நாளுக்கும் ஹால் உங்களுக்கு மட்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். நடுவில் ஒருநாள் ஆண்டு விழா ஒத்திகை என்று சொன்னால் போட்டியை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

4. அறைகளும் பாதையும்

மூன்று விலை மட்டத்தில் அறை வேண்டும்: டார்மிட்டரி, சாதாரண லாட்ஜ், ஹோட்டல். மூன்றுக்கும் போட்டி நாட்களின் வாடகையை எழுத்தில் வாங்கி, அதை அப்படியே அறிவிப்பில் போடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் தேதி வெளியானதும் வாடகை ஏறும், பழி உங்கள்மேல் விழும்.

மண்டபத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை இல்லையென்றால் பஸ் ஏற்பாடு உங்கள் பொறுப்பு. சொகுசுக்காகச் சொல்லவில்லை. கடைசி ஆட்டம் முடியும்போது இருட்டியிருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அந்த நேரத்தில் கரடியும் காட்டெருமையும் சாலைக்கு வருவது தினப்படி நடப்பது. எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியூர்க்காரர் குறுக்குவழியில் நடக்கக் கூடாது.

வரும் வழியைத் தெளிவாக எழுதுங்கள். விமானம் கோயம்புத்தூர் வரை, ரயில் மேட்டுப்பாளையம் வரை. மலை ரயிலை நம்பித் திட்டமிட வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். அது மெதுவாக ஏறும், மழைக்காலத்தில் பாதையில் மண் விழுந்தால் ரத்தாகும். அரசு பஸ்ஸுக்கு ஈ-பாஸ் தேவையில்லை என்பதையும் எழுதுங்கள். மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வரி தனியாக வேண்டும்: பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

முதல் சுற்றை வருகை நாளிலேயே வைக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த குழந்தையை அன்று மாலையே பலகைமுன் உட்கார வைப்பது நியாயமில்லை. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். சமவெளிப் பிள்ளைகள் சிலருக்கு முதல் நாள் தலை கனக்கும், சரியாகத் தூக்கம் வராது.

5. பட்ஜெட்: இரண்டு பக்கம்

மண்டபமும் மாதமும் தெரிந்த பிறகுதான் பட்ஜெட். முன்னால் போட்டால் அது வெறும் ஆசைப்பட்டியல்.

ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம், இல்லாமல் போட்டியே நடக்காத செலவுகள்: கூட்டமைப்புக்கும் மாநிலச் சங்கத்துக்கும் கட்ட வேண்டியது, உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் (தரப்புள்ளி) கட்டணம், நடுவர்களின் சம்பளமும் பயணமும் தங்கலும், மண்டபம், ஜெனரேட்டர், பலகையும் செஸ் கிளாக்கும், பஸ், மருத்துவ ஏற்பாடு, அறிவித்த பரிசுத் தொகை. வலது பக்கம், இருந்தால் நல்லது: தொடக்க விழா, டி-ஷர்ட், நினைவுப் பரிசு, ஆட்டத்தை இணையத்தில் காட்டும் நேரலைப் பலகைகள், விருந்து.

இடது பக்கம் முழுவதையும் நுழைவுக் கட்டணமும், வங்கியில் ஏற்கனவே வந்து சேர்ந்த பணமும் தாங்க வேண்டும். ஸ்பான்சர் 'தருகிறேன்' என்று சொன்ன பணத்தை வலது பக்கத்துச் செலவுக்கு மட்டுமே எழுதுங்கள். பெரிய மனிதர் மேடையில் லட்சம் அறிவித்தார் என்று அதை நம்பிப் பரிசை ஏற்றிய குழுக்கள், பிறகு அவர் அலுவலகப் படிக்கட்டில் மாதக்கணக்கில் ஏறி இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எத்தனை பேர் வந்தால் கையைக் கடிக்காது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, இடது பக்கம் மொத்தம் 9 லட்சம் என்று வைப்போம். கூட்டமைப்பின் பங்கு போக ஒரு ஆட்டக்காரரின் கட்டணத்தில் உங்களிடம் மிஞ்சுவது 4,500 ரூபாய் என்றால் 200 பேர் வேண்டும். 150 பேர்தான் வருவார்கள் என்று தோன்றினால் 2.25 லட்சம் துண்டு விழுகிறது. அந்தத் தொகை கையில் வந்த பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்து.

தேயிலை, வர்க்கி, மண்டபம், அறை என்று பொருளாக வருவதற்கும் சந்தை விலையில் ஒரு தொகை போட்டுக் கணக்கில் காட்டுங்கள். அடுத்த முறை அது கிடைக்காமல் போகலாம், அப்போது உண்மையான செலவு எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

6. கூட்டமைப்போடு பேசி எழுத்தில் வாங்க வேண்டியவை

மாநிலச் சங்கத்தின் சம்மதக் கடிதத்தோடு விண்ணப்பியுங்கள். மண்டபப் படம், அறை விலை, கோயம்புத்தூரிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்ற விவரம் மூன்றும் இணைத்தால் பதில் சீக்கிரம் வரும்.

பிறகு இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நுழைவுக் கட்டணம் யார் கணக்குக்குப் போகிறது, உங்கள் பங்கு எப்போது வரும்? மாநிலத் தேர்வில் வருபவர்கள், ஸ்பெஷல் என்ட்ரியில் (மாநிலத் தேர்வு இல்லாமல் கூடுதல் கட்டணம் கட்டி) வருபவர்கள், இவர்களின் கட்டணம் எவ்வளவு? தலைமை நடுவரை நியமிப்பது யார், அவர் செலவு யாருடையது? பரிசுத் தொகையின் குறைந்தபட்சம் என்ன? தேசியப் போட்டியில் ஸ்பெஷல் என்ட்ரிதான் வருமானத்தில் பெரிய பங்கு. அதில் உங்களுக்கு என்ன பங்கு என்பது தெரியாமல் ஐந்தாவது பகுதியில் போட்ட கணக்கு அந்தரத்தில் தொங்கும்.

விதிகளும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருடம் வேறு ஊரில் நடத்தியவர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

7. பணம் திரட்டுவது

யாரிடம் போகிறோம் என்பதைவிட அங்கே எந்தப் பையிலிருந்து கேட்கிறோம் என்பது முக்கியம். நிறுவனங்களிடம் இரண்டு பை உண்டு: விளம்பரம், சமூகப் பொறுப்பு நிதி எனப்படும் சிஎஸ்ஆர்.

எல்லோரும் சிஎஸ்ஆர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை அதற்குச் செலவிட வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விளையாட்டும் இருக்கிறது, உண்மை. ஆனால் அங்கே இருப்பது விளையாட்டை வளர்ப்பதற்கான பயிற்சி. ஒரே ஒரு முறை நடக்கும் நிகழ்ச்சிக்குக் கொடுப்பது இதில் சேராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014-லேயே விளக்கம் கொடுத்துவிட்டது. பெயர்ப்பலகை போட்டு விளம்பரப் பலன் தேடும் ஸ்பான்சர்ஷிப்பும் விதிப்படி சேராது. இது தெரியாமல் போட்டிக்கு சிஎஸ்ஆர் கேட்டுப் போனால், அந்த அதிகாரி நாகரிகமாகத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அதனால் இரண்டு கடிதம் எழுதுங்கள். விளம்பரப் பிரிவுக்குப் போட்டியின் ஸ்பான்சர்ஷிப் கடிதம்: எத்தனை குடும்பங்கள், எத்தனை மாநிலம், எத்தனை நாள், பெயர் எங்கெங்கே தெரியும். சிஎஸ்ஆர் பிரிவுக்குத் தனித் திட்டம்: மலையில் உள்ள அரசுப் பள்ளிகளில் ஒரு வருடம் செஸ் பயிற்சி, பலகைகள், பயிற்சியாளர் சம்பளம். இந்த இரண்டாவதற்கு உங்கள் அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி எனும் வரிச்சலுகைப் பதிவும், சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 எண்ணும் வேண்டும். இவையெல்லாம் வர நாளாகும். போட்டிக்கு மூன்று மாதம் முன்பு தொடங்கினால் கிடைக்காது. இரண்டு பணத்தையும் ஒரே கணக்கில் கலக்கவும் கூடாது.

உள்ளூரில் யாரைக் கேட்கலாம்? கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இண்ட்கோசர்வ், அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ இரண்டுக்கும் தலைமையகம் குன்னூர். தனியார் தேயிலைத் தொழிற்சாலைகள், ஹோட்டல்கள், வங்கிக் கிளைகள், பேக்கரிகள். பச்சைத் தேயிலைக்கு விலை சரிந்திருக்கும் மாதத்தில் தொழிற்சாலைக்காரரிடம் பணம் கேட்காதீர்கள், தேயிலைத்தூள் கேளுங்கள். எல்லாக் குடும்பத்துக்கும் கால் கிலோ பொட்டலம் போனால் அவருக்கும் விளம்பரம், உங்களுக்கும் நினைவுப் பரிசுச் செலவு மிச்சம். ஹோட்டல்காரரிடம் பணத்துக்குப் பதில் நடுவர்களுக்கான அறைகளைக் கேளுங்கள். சீசன் இல்லாத மாதத்தில் அவருக்கு அது சுலபம், உங்களுக்கோ அது இடது பக்கத்துப் பெரிய செலவு ஒன்றைக் குறைக்கும்.

அரசு உதவிக்கு மாவட்ட விளையாட்டு அலுவலர் வழியாகத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு விண்ணப்பம் போடலாம், போடுங்கள். ஆனால் அதையும் வலது பக்கத்திலேயே எழுதுங்கள். பணம் வரும்போது வரட்டும்.

ஸ்பான்சர் பணத்துக்கு ஜிஎஸ்டி யார் கட்டுவது, பரிசுத் தொகையில் வரி பிடிக்க வேண்டுமா என்ற இரண்டையும் அறிவிப்பு வெளியாகும் முன்பே ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பத்து வயது வெற்றியாளரின் அப்பாவிடம் மேடையிலிருந்து இறங்கிய பின் 'வரி போகத்தான்' என்று சொல்லக் கூடாது.

8. ப்ராஸ்பெக்டஸ் எனும் போட்டி அறிவிப்பு

அறிவிப்பில் எழுதாத விதி, தகராறு வரும்போது உங்களுக்கு எதிராக நிற்கும். அதற்கு இரண்டு உதாரணம் போதும்.

ஆட்டக்காரர் எவ்வளவு தாமதமாக வரலாம் என்று நீங்கள் குறிப்பிடாவிட்டால், ஃபிடே விதிப்படி அது பூஜ்யம். சுற்று தொடங்கும்போது நாற்காலியில் இல்லாதவர் தோற்றார். ஊட்டி சேரிங் கிராஸ் சந்திப்பில் வண்டிகள் சிக்கி நிற்கும் ஊரில் இதை விட்டுவைக்க முடியாது. 15 நிமிடமோ 30 நிமிடமோ, தலைமை நடுவரைக் கேட்டு எழுதுங்கள். இரண்டாவது, கைப்பேசி. ஆடும் இடத்துக்குள் அது இருக்கவே கூடாது என்பதுதான் பொதுவிதி. முழுவதும் அணைத்துப் பையில் வைக்கலாம் என்று அனுமதிப்பதானால் அதைப் போட்டி விதியில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வாசலில் மட்டும் அனுமதித்தால், பையில் மணி அடிக்கும் அன்று நடுவருக்கும் பெற்றோருக்கும் சண்டை.

இவற்றோடு சமப்புள்ளி வந்தால் எதை வைத்துத் தரவரிசை, கட்டணம் திரும்பத் தரப்படுமா, வருகையை எத்தனை மணிக்குள் உறுதி செய்ய வேண்டும், அறை விலை, ஈ-பாஸ் எடுக்கும் முறை, ஸ்வெட்டர், குல்லா, காலுறை கொண்டுவரச் சொல்லும் குறிப்பு எல்லாம் அறிவிப்பில் இருக்கட்டும். பிளாஸ்டிக் தடையைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். நீலகிரியில் சின்னத் தண்ணீர் பாட்டில்களுக்கு அனுமதி இல்லை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்து அபராதமும் போடுவார்கள்.

9. நடுவர்களும் கருவிகளும்

தலைமை நடுவரை மண்டபத்தை முடிவு செய்யும்போதே கலந்து பேசுவது நல்லது. வரைபடத்தைப் பார்த்தே எந்தப் பலகை எங்கே, வழி எப்படி என்று சொல்லிவிடுவார். பெரிய பிள்ளைகளுக்கு 20, 25 பலகைக்கு ஒரு நடுவர் சமாளிப்பார். ஒன்பது வயதுக்குக் கீழே என்றால் பாதியாகக் குறையுங்கள், அங்கே கை தூக்குவது ஓயவே ஓயாது.

ரேட்டிங் போட்டி தொடங்குவதற்கு முன்பே கூட்டமைப்பு வழியாக ஃபிடேயில் பதிவாகியிருக்க வேண்டும். நடுவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். பேரிங்குக்கு, அதாவது யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியலுக்கு, ஸ்விஸ் மேனேஜர் மென்பொருள், முடிவுகளுக்கு செஸ்-ரிசல்ட்ஸ் இணையதளம் என்பதுதான் வழக்கம். இரண்டு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், ஒரு பிராட்பேண்ட் இணைப்பு, வேறொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பு. பள்ளத்தாக்குக்கு ஏற்ப சிக்னல் மாறும். மண்டபத்துக்குள் நின்று சோதித்த பிறகே எந்த சிம் என்று முடிவு செய்யுங்கள்.

கிளாக்குகளைக் கோயம்புத்தூர், சென்னைச் சங்கங்களிடம் வாடகைக்கு எடுக்கலாம். 100 பலகைக்கு 110 கிளாக், எல்லாவற்றுக்கும் புது பேட்டரி. கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர், ராஜா 9.5 சென்டிமீட்டர் உயரம் என்பதுதான் போட்டி அளவு. பலகைக்குச் சம்பந்தமில்லாத சைஸில் காய்களை வாங்கிவிட்டு, விரல் பட்டுக் காய் சாய்கிறது என்று புகார் கேட்காதீர்கள்.

10. முந்தைய நாள்

மேசைகளை மாலைக்குள் போட்டு, எண் ஒட்டி, எல்லாக் கிளாக்கிலும் நேரத்தைச் செட் செய்து முடியுங்கள். விளக்கு, ஜெனரேட்டர், பிரிண்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

நேரில் வந்து கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே பேரிங்கில் சேர்க்கச் சொல்லுங்கள். 'மேட்டுப்பாளையம் வந்துவிட்டோம் சார்' என்று போன் வரும். மனது இளகும். ஆனால் அவர்கள் வராமல் போனால் எதிரே உட்காரும் குழந்தைக்கு முதல் சுற்றில் ஆட்டமே இல்லை. நேரத்துக்குள் வராதவர் இரண்டாம் சுற்றில் சேரட்டும்.

11. ஆட்ட நாட்கள்

11 சுற்று என்றால் ஏழு நாளில் 1, 2, 2, 1, 2, 2, 1 என்று பிரிக்கலாம். 90 நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடியும் என்ற நேர அளவில் 60 நகர்த்தல் வரை போகும் ஆட்டம் நான்கு மணி நேரம் பிடிக்கும். இரண்டு சுற்று உள்ள நாளில் காலை 9, மத்தியானம் 2.30 என்று வைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் ஆறரைக்குள் வெளியே வந்துவிடுவார்கள். மூன்றரைக்குத் தொடங்கினால் கடைசிப் பலகை முடியும்போது பனியில் பஸ் டிரைவருக்குப் பாதையே தெரியாது.

மண்டபத்தைச் சூடாக்கக் கரி அடுப்பு கொண்டுவந்து வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கண்டிப்பாகக் கூடாது. மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும். தங்கும் அறைகளுக்கும் இதையே எழுதி ஒட்டுங்கள். குளிருக்குக் கதவோரம் கனமான திரை, மேசைக்குக் கீழே பாய், இடைவேளையில் சூடான பால். சமவெளிக் குழந்தைகளுக்கு இதுவே போதுமாயிருக்கும்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேனும் எவர்சில்வர் டம்ளரும். பேனர் துணியில் அடியுங்கள், ஃப்ளெக்ஸ் வேண்டாம். சாப்பாட்டில் வடமாநிலக் குடும்பங்களுக்கு ரொட்டி, பருப்பு இல்லாமல் இருக்கக் கூடாது. மருத்துவர் ஒருவர் போனில் கிடைப்பவராகவும், செவிலியர் ஒருவர் மண்டபத்திலேயேயும் இருக்கட்டும்.

கூட்டத்தைச் சமாளிக்க ஒரு எளிய வழி: பேரிங்கை மண்டப வாசலில் ஒட்டாமல், பெற்றோர் அறையில் மட்டும் ஒட்டுங்கள். ஆட்டத்தைப் பற்றிய புகாரை நடுவர் கேட்பார், மற்ற எல்லாப் புகாரையும் பெற்றோர் போனை எடுக்கும் அந்த ஐந்தாமவர் கேட்பார் என்று முதல் நாளே மைக்கில் சொல்லிவிடுங்கள். செயலாளர் நடுவர் தீர்ப்பில் தலையிடவே கூடாது, சொந்த ஊர்ப் பிள்ளை விஷயத்தில் இன்னும் கூடாது.

12. பரிசும் கணக்கும்

கடைசிச் சுற்று காலையில், பரிசளிப்பு மத்தியானம். மாலையில் வைத்தால் கோயம்புத்தூரில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் பாதிப்பேர் போய்விடுவார்கள், காலி நாற்காலிகளுக்கு முன்னால் விருந்தினர் பேசுவார். கோப்பையை மேடையில் கொடுங்கள், பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். கணக்கு எண்ணும் பான் எண்ணும் ஐந்தாம் சுற்றுக்குள் எல்லாரிடமும் வாங்கிவிட்டால் கடைசி நாளில் யாரையும் தேட வேண்டாம்.

நடுவர்களின் பணம் அவர்கள் மலையிறங்கும் முன்பே கையில் சேர வேண்டும். அடுத்த முறை நல்ல நடுவர்கள் உங்கள் ஊருக்கு வருவார்களா என்பது இதில்தான் இருக்கிறது. தலைமை நடுவர் ரேட்டிங் அறிக்கையை அனுப்பிவிட்டாரா என்று அன்றே கேளுங்கள்.

ஒரு மாதத்துக்குள் வரவு செலவை ஆடிட்டர் கையெழுத்தோடு முடித்து, ஒவ்வொரு ஸ்பான்சருக்கும் படங்களோடு ஒரு பிரதி அனுப்புங்கள், கால் கிலோ தேயிலை கொடுத்தவருக்கும் சேர்த்து. வாடகைக் கிளாக்குகளைத் திருப்பிக் கொடுக்கும் முன் பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, எண்ணி, பெற்றுக்கொண்ட ரசீதைக் கணக்குக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.